காமிக் கானில் பழைய இதழ் வியாபாரிகள் ஏன் குறைந்துபோனார்கள்?

"அமெரிக்க காமிக் கான்களுக்கு முப்பது, நாற்பது வருடமாகப் போய்வருகிறவர்கள் எல்லாரும் 'சினிமாக்காரர்கள் வந்து கெடுத்துவிட்டார்கள்' என்கிறார்களே, உண்மைதானா? பழைய இதழ் வாங்குவதற்காக சான் டியாகோ போவது வீண் வேலையா?" இதுதான் கேள்வி. காமிக் கான் என்பது காமிக் கான்வென்ஷன் என்பதன் சுருக்கம்: காமிக்ஸ் விசிறிகளும் வியாபாரிகளும் கூடும் விழா.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பழைய இதழ் மட்டும்தான் நோக்கம் என்றால், ஆம், வீண். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்தப் புலம்பலில் பாதி நியாயம், பாதி ஞாபகப் பிசகு. சினிமா கம்பெனிகள் அரங்கைப் பிடிப்பதற்கு முன்பே, வாங்குகிற நாங்களே வியாபாரியின் மேஜையை விட்டு நகர்ந்து வீட்டுக் கணினி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டோம். அதை ஒப்புக்கொள்ள எங்களில் பலருக்கு மனம் வருவதில்லை.

நான் முதன்முதலில் போனது 1996-ல், நியூ ஜெர்சியில் ஒரு ஹோட்டல் ஹால். கல்யாணப் பந்தி மாதிரி நீள மேஜைகள். மேலே வெள்ளை அட்டைப் பெட்டிகள். லாங் பாக்ஸ் என்பார்கள். ஒன்றில் சுமார் 250 இதழ்கள் நிற்கும், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வியாபாரிக்குப் பின்னால் கம்பித் தட்டியில் விலை உயர்ந்த இதழ்கள் தொங்கும். என் சட்டைப்பையில் தேவைப் பட்டியல் எழுதிய காகிதம் ஒன்று. விடுபட்ட எண்களை எழுதி வைத்திருப்பேன், கிடைத்ததை அடிப்பேன். மாலைக்குள் விரல் நுனி கறுத்துவிடும். பழைய நியூஸ்பிரின்ட் வாசனை சட்டையோடு வீட்டுக்கு வரும். எனக்கு முன்னால் இருந்தவர்கள், "இதெல்லாம் ஒன்றுமே இல்லை தம்பி, எழுபதுகளில் பார்த்திருக்க வேண்டும்" என்றார்கள். புலம்பல் அப்போதே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் என்ன இருந்தது? அமெரிக்காவில் காமிக்ஸ் விசிறிகளின் முதல் கூட்டங்கள் 1964-ல் தொடங்கின. அந்த ஆண்டு நியூயார்க்கில் நடந்த கூட்டத்துக்கு "முதலில் பதிவு செய்தவன் நான்தான்" என்று, 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அப்போது அவர் பள்ளி மாணவர். அறுபதுகளின் கடைசியில் பில் சூலிங் என்ற புரூக்ளின் பள்ளி ஆசிரியர் ஜூலை 4 விடுமுறையை ஒட்டி நியூயார்க்கில் பெரிய கூட்டமாகவே நடத்த ஆரம்பித்தார். சான் டியாகோவில் ஷெல் டார்ஃபும் சில இளைஞர்களும் சேர்ந்து 1970 மார்ச் 21 அன்று யு.எஸ். கிராண்ட் ஹோட்டலில் ஒருநாள் கூட்டம் வைத்துப் பார்த்தார்கள். ஆகஸ்டில் அதே இடத்தில் மூன்று நாள் விழா. வந்தவர்கள் ஏறக்குறைய 300 பேர். பெரிய காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பியும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ரே பிராட்பரியும் வந்திருந்தார்கள். முன்னூறு பேர் கூட்டத்தில் கிர்பி என்றால், அவர் பக்கத்தில் நின்று காபி குடிக்கலாம்.

அங்கே வியாபாரி விற்றது காகிதத்தை மட்டுமல்ல, தகவலையும்தான். எந்த இதழில் யார் முதலில் தோன்றினார், எது கிடைக்கவே கிடைக்காது, எது மறுபதிப்பு என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட்டின் விலைப் புத்தகம் (கைடு என்பார்கள்) 1970-ல் முதன்முதலாக வந்தது. அதில் சூப்பர்மேன் அறிமுகமான 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் விலை 300 டாலர். அந்தப் புத்தகம் வந்த பிறகும் வியாபாரியின் கை தாழவில்லை. "கைடு விலையில் பாதி", "கைடுக்கு ஒன்றரை மடங்கு" என்று பேரம் பேச ஒரு பொது அளவுகோல் கிடைத்தது, அவ்வளவுதான். இதழின் நிலை என்ன என்பது மட்டும் அவரவர் கண் சொல்வதாகவே இருந்தது. அந்தத் தரப் பெயர்களே வேடிக்கை. இந்த உலகத்தில் 'குட்' என்றால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், பத்துக்கு இரண்டு மார்க்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காமிக்ஸ் கடைகள் என்ற அமைப்பே இந்த மேஜைகளில் இருந்து முளைத்ததுதான். விற்காத இதழைத் திருப்பி அனுப்பக் கூடாது, பதிலுக்குக் கூடுதல் தள்ளுபடி என்ற ஏற்பாட்டைப் பதிப்பாளர்களோடு பேசி முடித்து, கடைகளுக்கு நேரடி விநியோகத்தை எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தவர் அதே பில் சூலிங். வாரக் கடைசியில் மேஜை போட்டவர்கள் வாரம் முழுக்கக் கடை திறந்தார்கள். 1977-ல் டென்வரில் எட்கர் சர்ச் என்பவர் சேர்த்துவைத்திருந்த, புதுக்கருக்கு மாறாத ஆயிரக்கணக்கான நாற்பதுகளின் இதழ்களை மொத்தமாக வாங்கினார் மைல் ஹை காமிக்ஸ் கடைக்காரர் சக் ரோசான்ஸ்கி. அதிலிருந்து வந்தது என்று சொன்னாலே இன்றைக்கும் விலை ஏறும். கான்வென்ஷன் வியாபாரிகளின் கனவு என்றால் அதுதான்: யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் தூங்கும் பெட்டி.

சரி, மாற்றம் எப்போது ஆரம்பித்தது? தொண்ணூறுகளின் ஊக வாணிபம் முதல் அடி. 1991-ல் 'எக்ஸ்-மென்' புதிய வரிசையின் முதல் இதழ் 80 லட்சத்துக்கு மேல் அச்சாகிப் போனது. நாளைக்கு லட்சங்களில் விற்கலாம் என்று ஆளுக்குப் பத்து பிரதி வாங்கி அடுக்கினார்கள். எல்லாரிடமும் இருக்கிற பொருளுக்கு என்ன விலை வரும்? காற்று இறங்கியது, கடைகள் மூடின, 1996 கடைசியில் மார்வெல் கம்பெனியே திவால் மனு போட்டது. நான் முதன்முதலில் போன கூட்டம் அந்தச் சாவு வீட்டின் கடைசி நாட்களில் நடந்தது என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. மலிவாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது, மூன்றாவது அடிகள் சேர்ந்தே வந்தன. 1995-ல் தொடங்கிய ஈபே என்ற இணைய ஏலத் தளம், 2000-ல் தொடங்கிய சி.ஜி.சி. என்ற தரம் பிரிக்கும் நிறுவனம். உண்மையில் கான்வென்ஷனை மாற்றியவை இவைதான் என்பது என் கட்சி.

ஈபே வந்ததும் அரிது என்று நினைத்திருந்த பாதிப் பொருள் அரிதில்லை என்று தெரிந்துபோனது. ஐந்து வருடம் தேடி ஒரு மேஜையில் கண்டெடுத்த இதழ், இங்கே ஒரே நேரத்தில் எட்டுப் பேரிடம் விலைக்கு இருந்தது. என் சட்டைப்பைக் காகிதத்தில் பாதிக்கு மேல் ஒரே குளிர்காலத்தில் அடிபட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த கோடையில் கான்வென்ஷனுக்குப் போனபோது கேட்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. என்னைப் போல எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள்.

சி.ஜி.சி. செய்தது இன்னும் ஆழமான வேலை. நீங்கள் இதழை அனுப்பினால் பரிசோதித்து, பத்துக்கு இத்தனை என்று எண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். ஸ்லாப் என்பது அதன் பெயர். திறந்து படிக்க முடியாது. படிக்க முடியாத புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்று நாங்கள் சிரித்தோம். வாங்கினார்கள். முகம் தெரியாத ஆளிடம், பொருளைத் தொடாமல், பெரிய தொகை கொடுத்து வாங்கும் தைரியத்தை அந்த எண் கொடுத்தது. ஈபேயும் ஸ்லாபும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து வளர்ந்தன. 2014-ல் 9.0 தரத்தில் ஒரு 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் ஈபேயிலேயே 32 லட்சம் டாலருக்குப் போனது. 2024-ல் 8.5 தரத்தில் இன்னொரு பிரதி ஹெரிடேஜ் ஏலத்தில் 60 லட்சம் டாலர். நம் கணக்கில் ஏறக்குறைய 50 கோடி ரூபாய். இந்த வியாபாரத்துக்கு மேஜையும் வேண்டாம், ஹாலும் வேண்டாம்.

அந்த எண் வியாபாரியின் கண்ணுக்கு இருந்த மதிப்பைப் பிடுங்கிக்கொண்டது. முன்பு ஒருவர் "இது நியர் மின்ட்", அதாவது கிட்டத்தட்டப் புத்தம் புதிது, என்றால், அவரை நம்புகிறோமா இல்லையா என்பதுதான் வியாபாரம். நம்பியதில் நானும் ஏமாந்திருக்கிறேன். 1998-ல் ஒரு மேஜையில் அறுபதுகளின் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழ் ஒன்று வாங்கினேன். எனக்கு அது பெரிய தொகை. சில வருடம் கழித்துத் தரம் பார்க்க அனுப்பினால் ஊதா லேபிளோடு வந்தது. ஊதா என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதுகு மடிப்பில் மை உதிர்ந்த இடத்தில் பேனாவால் தொட்டு நிறம் கொடுத்திருந்தார்கள். விலை கால்வாசிக்கு இறங்கியது. விற்றவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எண்பதுகளில் இப்படிச் சரிசெய்வது கௌரவமான வேலை, அதற்குக் காசு கொடுத்தார்கள். ஊதா லேபிள் வந்ததும் அப்படிப்பட்ட சரக்கு வைத்திருந்த பழைய வியாபாரிகளின் இருப்பு ஒரே வருடத்தில் தரம் தாழ்ந்தது. அவர்கள் ஸ்லாப் மேல் வைத்திருக்கும் கோபத்தில் இதுவும் உண்டு, வெளியே சொல்லமாட்டார்கள்.

ஆனால் ஸ்லாபும் கோயில் பிரசாதம் இல்லை. வெந்நீராவியும் சூடான அழுத்தமும் கொடுத்து மடிப்புச் சுருக்கத்தை எடுப்பதற்கு பிரஸ்ஸிங் என்று பெயர். அதைச் சி.ஜி.சி. 'கைவைத்ததாக' எண்ணுவதில்லை. எனவே உறையை உடைத்து, பிரஸ் பண்ணி, மறுபடி அனுப்பி அரை மார்க் ஏற்றுவது தனித் தொழிலாகிவிட்டது. 9.6-க்கும் 9.8-க்கும் வெறுங்கண்ணில் வித்தியாசம் காண்பது கஷ்டம்; விலை பல சமயம் இரட்டிப்பு. 2023 கடைசியில், உயர்ந்த எண் போட்ட உறையிலிருந்து இதழை எடுத்துவிட்டுத் தரம் குறைந்த பிரதியை வைத்துச் சிலர் விற்ற மோசடி வெளியே வந்தபோது, பழைய ஆட்கள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது.

இப்போது சினிமாவுக்கு வருவோம். சினிமாக்காரர்கள் திடீரென்று வந்து குதிக்கவில்லை. 1976-லேயே, படம் வெளிவருவதற்கு முந்தைய வருடம், 'ஸ்டார் வார்ஸ்' விளம்பரத்துக்கு சான் டியாகோவில் மேஜை போட்டிருந்தார்கள், போஸ்டர் விற்றார்கள். அப்போது யாரும் கெட்டுப்போச்சு என்று சொல்லவில்லை. கூட்டம் தாங்கமுடியாமல் போனது 2000-க்குப் பிறகு. அந்த வருடம் சான் டியாகோவுக்கு வந்தவர்கள் 48,000-க்குச் சற்று மேல். 2005-ல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அப்புறம் சுமார் 1,30,000-ல் நின்றுவிட்டது, அதற்கு மேல் அந்தக் கட்டிடம் கொள்ளாது. 6,500 பேர் உட்காரும் 'ஹால் எச்' அரங்கில் புதுப்படத் துணுக்குகளைப் பார்க்க முதல்நாள் இரவே நடைபாதையில் படுத்துக்கிடக்கிறார்கள்.

கூட்டம் கூடினால் வியாபாரம் கூட வேண்டும்தானே? இங்கேதான் பழைய வியாபாரிகளின் புலம்பலில் நியாயம் இருக்கிறது. வரிசையில் ஆறு மணிநேரம் நிற்பவர் பெட்டியைப் புரட்டமாட்டார். நடிகரோடு ஒரு போட்டோவுக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு சாப்பிட்டு வந்தவர் பையில் என்ன மிஞ்சும்? பதிப்பாளர்களும் பொம்மைக் கம்பெனிகளும் 'இங்கே மட்டும்தான் கிடைக்கும்' என்று தனிப் பதிப்புகள் விற்கிறார்கள். பணம் முதலில் அங்கே போகிறது. ஒரே இதழுக்கு நாற்பது விதமாக வரும் சிறப்பு அட்டைகளுக்கு நடுவே ஒரு கதையைத் தேடுகிற காலம் இது என்பது என் தனிப்பட்ட எரிச்சல், விடுங்கள். இடவாடகை, ஹோட்டல், லாரி, சரக்கு இறக்கும் கூலி எல்லாம் ஏறிக்கொண்டே போயின.

இதைவிட யாரும் அதிகம் பேசாத ஒரு காரணம் உண்டு: பாட்ஜ். சான் டியாகோ அனுமதிச் சீட்டு இன்று இணையத்தில் வரிசை போட்டு, அதிர்ஷ்டம் இருந்தால் கிடைப்பது. இருபது வருடம் விடாமல் வந்து, ஒரே வியாபாரியிடம் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் வாங்கிய வாடிக்கையாளருக்கு ஒரு வருடம் சீட்டு கிடைக்கவில்லை, அடுத்த வருடமும் இல்லை. வியாபாரி உள்ளே, வாடிக்கையாளர் வெளியே. அப்புறம் அந்த மேஜை யாருக்காக?

2017-ல் மைல் ஹை காமிக்ஸ் 44 வருடத்துக்குப் பிறகு சான் டியாகோவில் கடை போடுவதை நிறுத்தியது. எட்கர் சர்ச் சேகரிப்பை வாங்கிய அதே கடை. அன்றைக்கு எங்கள் வட்டத்தில் துக்கச் செய்தி போல் பேசிக்கொண்டார்கள். பழைய இதழ் வியாபாரிகள் இன்னும் சிலர் அங்கே கடை போடத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பகுதியில் நின்று சுற்றிப் பார்த்தால், பெரிய மாலில் பழைய தையற்கடை ஒன்று தப்பிப் பிழைத்திருப்பது போலத் தோன்றும்.

மற்ற ஊர்களில் கம்பெனிகள் வந்தன. எழுபதுகளில் விசிறிகள் ஆரம்பித்த சிகாகோ காமிகானை 1997-ல் விசார்ட் என்ற காமிக்ஸ் பத்திரிகைக்காரர்கள் வாங்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அது நடிகர் கையெழுத்துச் சந்தையாக மாறி, 2021-ல் ஃபேன் எக்ஸ்போ என்ற விழா நடத்தும் நிறுவனத்தின் கைக்குப் போனது. நியூயார்க்கில் 2006-ல் ரீட் நிறுவனம் தொடங்கிய காமிக் கான் முதல் வருடமே கூட்டம் தாங்காமல் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று.

சினிமாவால் வியாபாரிகளுக்கு வந்த லாபத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை. 1982-ல் வந்த 'இன்க்ரெடிபிள் ஹல்க்' 271-ஆம் இதழை நான், எதை எடுத்தாலும் ஒரு டாலர் என்ற டாலர் பெட்டியில் பார்த்திருக்கிறேன், வாங்காமல் விட்டிருக்கிறேன். அதில் ராக்கெட் ரக்கூன் வருகிறான். 2014-ல் அவனும் ஒரு நாயகனாக வரும் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' படம் வந்ததும் அந்த இதழ் டாலர் பெட்டியில் இருந்து எழுந்து கம்பித் தட்டிக்குப் போய்விட்டது. டிரெய்லர் வந்த இரவே பெட்டிகளைக் கிளறி இப்படிப்பட்ட இதழ்களைப் பிரித்தெடுத்தவர்கள் யார்? சினிமாவைத் திட்டுகிற அதே வியாபாரிகள்தான்.

மாறாக, வாங்க ஆள் இல்லாமல் போன சரக்கும் உண்டு. ராய் ராஜர்ஸ் மாதிரி கௌபாய் இதழ்கள் ஒரு தலைமுறையின் உயிர். அந்தத் தலைமுறை வயதாகிப் போனது, இதழ்கள் பெட்டியிலேயே கிடக்கின்றன. இதற்கு ஈபேயும் காரணமில்லை, ஹாலிவுட்டும் காரணமில்லை.

கோவிட் வந்து 2020-லும் 2021 கோடையிலும் சான் டியாகோ விழா நேரில் நடக்கவில்லை. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் வாங்கித் தள்ளினார்கள். 2021 செப்டம்பரில் ஸ்பைடர்மேன் அறிமுகமான 'அமேசிங் ஃபேன்டஸி' 15-ஆம் இதழ், 9.6 தரம், 36 லட்சம் டாலருக்குப் போனது. அடுத்த வருடமே பல இதழ்களின் விலை இறங்கத் தொடங்கியது. மேஜையே இல்லாமல் வாழ முடியும் என்று பல வியாபாரிகள் கண்டுகொண்டது அந்த இரண்டு வருடத்தில்தான். போன் கேமரா முன்னால் உட்கார்ந்து நேரலை ஏலம் விடுகிறார்கள்.

அப்படியானால் இன்னும் ஏன் சிலர் வேன் நிறையப் பெட்டி ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்? விற்க இல்லை, வாங்க. பல வியாபாரிகளுக்கு உண்மையான கான்வென்ஷன் கதவு திறப்பதற்கு முந்தைய மாலையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. மேஜை அடுக்கும்போதே ஒருவர் பெட்டியை ஒருவர் பார்த்து, கை மாற்றிக்கொள்வார்கள். அப்புறம் மூன்று நாளும், அப்பா இறந்துபோய் வீட்டைக் காலி செய்கிற பிள்ளைகள் பெட்டியோடு வருவார்களா என்று பார்த்திருப்பார்கள். அதிலும் லாபம் சுருங்கிவிட்டது. கொண்டுவருகிறவர் கையிலும் போன், வியாபாரி கையிலும் போன், இரண்டிலும் அதே கடைசி ஏல விலை.

பழைய மாதிரி மேஜை வேண்டும் என்றால் இடங்கள் இருக்கின்றன. வட கரோலினாவின் சார்லட்டில் ஷெல்டன் டிரம் என்ற கடைக்காரர் 1982-ல் ஆரம்பித்த ஹீரோஸ் கன்வென்ஷன், 2000-ல் தொடங்கிய பால்டிமோர் காமிக் கான், இரண்டிலும் காமிக்ஸ்தான் மையம். ஓவியர்கள் மேஜையில் நேரில் பேசலாம், அசல் ஓவியப் பக்கம் வாங்கலாம். அதைவிடச் சின்னதாக, ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் ஹாலில் நடக்கும் ஒருநாள் கூட்டங்கள். நான் இப்போது அதிகம் போவது அவற்றுக்குத்தான். ஒன்று மட்டும் 1996-ஐ விட நன்றாக இருக்கிறது. அன்று ஹால் முழுக்க நடுத்தர வயது ஆண்கள். இன்று பெண்களும் பிள்ளைகளும் பெட்டி புரட்டுகிறார்கள்.

நம் ஆட்களுக்காக ஒரு சின்னத் தகவல். இரும்புக்கை மாயாவியை முத்து காமிக்ஸில் படித்து வளர்ந்தவன் நான், 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவனோடுதான். மாயாவியின் மூலக்கதை பிரிட்டிஷ் வார இதழ் 'வேலியன்ட்'டில் வந்த தொடர். அமெரிக்க மேஜைகளில் அதைக் கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒருமுறை ஒரு கிழவர் மட்டும் மேஜைக்கு அடியில் குனிந்து, எண்பதுகளில் வண்ணம் பூசி வந்த மறுபதிப்பு இதழ்கள் மூன்றை எடுத்துக் கொடுத்தார். மூன்றும் சேர்த்து இரண்டு டாலர். ஏன் இதைத் தேடுகிறாய் என்று கேட்டார், சிவகாசி முத்து காமிக்ஸ் கதை முழுக்கச் சொன்னேன். அவர் மேஜையில் அன்றைக்கு வேறு கூட்டம் இல்லை.

சான் டியாகோ சீட்டு கையில் வந்துவிட்டதென்றால் போய்வாருங்கள், பார்க்க ஆயிரம் இருக்கிறது. ஆனால் வாங்குகிற பணத்தைச் சின்னக் கூட்டத்துக்கு எடுத்துவையுங்கள். அங்கே காலையில் போனால் நல்ல சரக்கு, கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் நல்ல விலை. பெட்டிகளை மறுபடி வேனில் ஏற்ற வேண்டுமே என்ற கவலை வியாபாரி முகத்தில் தெரிகிற நேரம் அது. ரொக்கமாகக் கொடுங்கள். தேவைப் பட்டியலைப் போனில் வைக்காமல் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். போனை எடுத்தால் விலை பார்க்கிறீர்கள் என்று நினைத்து முகம் சுருங்குவார். காகிதத்தை எடுத்தால் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த எண் என் வீட்டில் இருக்கிறது, அடுத்த மாதம் கொண்டுவருகிறேன்" என்பார்.